பொட்டு ஒட்டிய பச்சை விளக்குகள்

இணையம் மெதுவாக இருக்கிறது என்று ஒருவர் உங்களிடம் முறையிட்டால், யாருடையதைவிட மெதுவாக என்று முதலில் கேளுங்கள். மற்ற அளவுகள் எல்லாம் பிறகு. தனக்கு வருவதை மட்டும் அளந்து பார்த்து முறையிட்ட ஒருவரை நான் என் வேலைக்காலம் முழுவதிலும் காணவில்லை. பக்கத்து அறைக்காரிக்குப் படம் ஓடுகிறது, எனக்கு ஓடவில்லை. முறைப்பாடு என்பது அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. நானும் அப்படிப்பட்டவள்தான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த நீங்கள் கையில் வைத்திருக்கும் கருவிகளில் பாதியின் பெயர் எனக்குத் தெரியாது. ஆகவே தொழில் சொல்லித்தர வரவில்லை. யுத்தகாலத்தில் ஒரு நாள் நான் எடுத்த முடிவொன்றைச் சொல்கிறேன். அது புத்திசாலித்தனமா பைத்தியமா என்று, முழுக் கதையும் தெரியாமலே, அந்த நாட்களில் எங்கள் அலுவலகத்தில் இரண்டு கட்சி இருந்தது. பைத்தியம் என்று சொன்ன கட்சிக்கு என்மேல் கொஞ்சம் எரிச்சல் என்பது என் கணிப்பு.

நசீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைத் தொடங்க முடியாது. பல்கலைக்கழக வளாகத்தின் கணினிப் பிரிவில் நானும் அவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே சான்றிதழ், ஒரே சம்பளம். முதல் வாரமே பிரிவுத் தலைவர் சேர்வர் அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பை நசீரிடம் கொடுத்தார். எனக்குப் பெண்கள் விடுதியின் முறைப்பாடுகளைக் கொடுத்தார். பெண்பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பெண் போவதுதான் நல்லது என்று காரணமும் சொன்னார். சேர்வர் அறைக்கு ஆண் போவது ஏன் நல்லது என்று ஒருவரும் சொல்லவில்லை.

நசீர் அந்தத் திறப்பை இடுப்புப்பட்டியில் கொழுவியிருப்பார். நடக்கும்போது அது கிலுங்கும். நடைபாதையின் அந்தத் தொங்கலில் அவர் வரும்போதே இந்தத் தொங்கலில் என் வயிறு எரியத் தொடங்கிவிடும். அவர் வேலை தெரியாதவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். நன்றாக வேலை தெரிந்தவர், அதுதான் பொறுக்க முடியாத விஷயம். ஒவ்வொரு நாளும் கிண்ணியாவிலிருந்து கடற்கழியைப் படகுப்பாதை என்ற மிதவையில் கடந்து வருவார், சட்டை ஒரு மடிப்புக் கலையாமல். கொழும்பில் பயிற்சி என்றால் அவரைத்தான் அனுப்புவார்கள். வழியெல்லாம் சோதனைச் சாவடி, பெண்பிள்ளை எப்படித் தனியாகப் போவது என்பார்கள். திரும்பி வந்ததும் படித்ததையெல்லாம் ஒன்று விடாமல் எனக்குச் சொல்லித்தருவார். அதுவும் எனக்குப் பிடிக்காது.

பெண்கள் விடுதி துறைமுகப் பக்கம் வாடகைக்கு எடுத்த பழைய மாடிக் கட்டடம். வளாகத்திலிருந்து இணைப்பு காற்று வழியே வந்தது. அதைப் பிடிக்கும் அன்டெனா கூரையில் இருந்தது. கூரையில் ஏறினால் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்கள் தெரியும். அதனால் கடற்படையின் அனுமதி இல்லாமல் அங்கே ஒரு காகம்தான் ஏறலாம். வந்த இணைப்பை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஹப், கீழ் நடைபாதையின் முடிவில், கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டிக்குள் இருந்தது. ஒவ்வோர் அறைக்கும் இரண்டு வயர், ஒவ்வொரு வயருக்கும் ஹப்பில் ஒரு பச்சை விளக்கு. இணைப்பைப் பாவித்தால் அந்த விளக்கு சிமிட்டும்.

கண்ணாடிக் கதவு போட்டது எங்கள் பிழை. போகிற வருகிற பிள்ளைகள் எல்லாம் விளக்குகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். எந்த அறையின் விளக்கு கூடுதலாகச் சிமிட்டுகிறதோ அந்த அறைதான் எல்லாவற்றையும் விழுங்குகிறது என்று பேச்சு வந்தது. பெட்டியின் திறப்போ விடுதிக்குப் பொறுப்பான வோர்டனின் மேசைக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். யாரும் எடுக்கலாம். ஒரு பிள்ளை கண்ணூறு படாமல் தன் அறையின் விளக்குக்கு மேல் ஒட்டுப்பொட்டு ஒன்றை ஒட்டிவிட்டாள். அதைப் பார்த்து அடுத்த அறை. பொட்டு வைக்காத பிள்ளைகள் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டினார்கள். கடைசியில் ஒரு விளக்கும் தெரியாது. சிவப்பு, மெரூன், கறுப்பு என்று வட்டம் வட்டமாக, சாந்துக்கடை மாதிரி இருந்தது. நான் பார்த்துச் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன்.

விடுதியின் கீழ் நடைபாதையில், அந்தப் பெட்டிக்குப் பக்கத்துக் கடைசி அறையில் தர்ஷினி, ரஜிதா என்று இரண்டு இறுதி வருட மாணவிகள் இருந்தார்கள். தர்ஷினிக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புக்கு நேர்முகத் தேர்வு கிடைத்திருந்தது. கணினி வழியே, குரலில், மாலை ஐந்து மணிக்கு. வளாகத்துக் கணினி அறையை நான்கு மணிக்கே பூட்டிவிடுவோம். பிறகு இராணுவம் வீதியை மூடிவிடும். ஆகவே விடுதி அறையில்தான் பேச வேண்டும். அந்தப் பிள்ளையின் குடும்பம் இடம்பெயர்ந்ததில் அவளுக்கு ஏற்கனவே ஒரு வருடம் போயிருந்தது. இது தவறினால் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று அவளிடம் சொல்ல முடியாது. அடுத்த வருடம் என்ற சொல்லை அந்த நாட்களில் ஒருவரும் நம்பிச் சொல்வதில்லை.

ஆனால் இரண்டு வாரமாக விடுதி இணையம் திடீர் திடீரென்று செத்துப் போய்க்கொண்டிருந்தது. பிறகு தானாக உயிர் வரும். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் நன்றாக இருக்கும்.

நேர்முக நாளன்று காலையில் கடற்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. படகுப்பாதையை நிறுத்திவிட்டார்கள். நசீர் கிண்ணியாவில் மாட்டிக்கொண்டார். விரிவுரைகளும் நின்றன. உண்மையைச் சொன்னால், நசீர் வரமாட்டார் என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இன்றைக்கு நான்தான் என்று நினைத்தேன். தலைவர் அதற்குள் தொலைபேசியில் கிண்ணியாவைப் பிடித்துவிட்டார்.

"நசீரோட கதைச்சனான். அன்டெனா திரும்பியிருக்குமாம். போன கிழமை அடிச்ச காத்துக்கு அதுதான் நடந்திருக்கும் எண்டு சொல்லுறார்."

"நான் போய்ப் பாக்கிறன் சேர்."

"கூரையில எங்களால ஏற ஏலாதுதானே. அனுமதி எடுக்க நாளைக்காகும். நீங்கள் போய் அந்தப் பிள்ளையைச் சமாதானப்படுத்திப்போட்டு நாலு மணி பஸ்ஸைப் பிடியுங்கோ."

சமாதானப்படுத்த. கவனியுங்கள், பார்க்க அல்ல. என் வீடு கப்பல்துறையில். ஊழியர் பஸ் விடுதி வாசலில் என்னை ஏற்றிக்கொண்டு கண்டி வீதியால் போகும். அதை விட்டால் சாவடிகளைத் தாண்டி வீட்டுக்குப் போக வழியில்லை. விடுதிக்குப் போகும் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். கழிக்கு அந்தப் பக்கம் கட்டிலில் இருந்துகொண்டு அவர் சொன்னது வேதம், நேரில் போகிற நான் தாலாட்டுப் பாட.

அந்தக் கோபம் எனக்கு ஒரு நன்மை செய்தது. நசீர் சொன்னது பிழையாக இருக்க வேண்டும் என்று நான் விரும்பினேன். அதனால் அதை யோசித்துப் பார்த்தேன். வேறு நாளாக இருந்தால் தலையாட்டியிருப்பேன். அன்டெனா திரும்பியிருந்தால் எப்போதும் மெதுவாக இருக்க வேண்டும். நினைத்தபோது திரும்பிவிட்டு, நான் வரும்போது நேராகும் அன்டெனாவை நான் அறியவில்லை.

விடுதிக்குப் போனபோது மத்தியானம் கழிந்திருந்தது. விரிவுரை இல்லாததால் பிள்ளைகள் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். இணையம் செத்துக் கிடந்தது. எனக்கு அதிர்ஷ்டம், நான் வருவேன் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. நேரே பெட்டியைத் திறந்து பொட்டுகளை நகத்தால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். உள்ளே எல்லா விளக்குகளும், கணினியைத் தொடாத அறைகளின் விளக்குகள் உட்பட, ஒரே தாளத்தில் வெறிபிடித்து அடித்துக்கொண்டிருந்தன. இதை நீங்களும் ஒரு நாள் காண்பீர்கள். ஒரு வயரால் போன செய்தி சுற்றி, வேறொரு வயரால் திரும்பி ஹப்புக்கே வருகிறது. உள்ளே போன செய்தி வெளியேற வழியில்லாமல் பெருகிக்கொண்டே போகிறது. இரண்டு வாரமாக அந்தப் பொட்டுகளுக்குப் பின்னால் பதில் இருந்தது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். கடைசி அறையின் இரண்டாவது வயரை இழுத்ததும் எல்லாம் அடங்கியது.

அறையில் தர்ஷினி காதில் ஹெட்போனோடு கணினிக்கு முன்னால் அழும் நிலையில் இருந்தாள். மாமா ஒருவரோடு கணினி வழியே பேசிப் பழகத் தொடங்கி, இணைப்பு அறுந்து தவித்துக்கொண்டிருந்தவள். ரஜிதா கட்டிலில் புத்தகத்தோடு. மேசைக்குக் கீழே இன்னொரு சின்ன ஹப். சுவரிலிருந்து வந்த இரண்டு வயர்களும் அதில் குத்தியிருந்தன.

"இதில ஏன் ரெண்டு வயர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு போட்டா ரெண்டு பங்கு வரும்தானே மிஸ்" என்றாள் தர்ஷினி. "ரஜிதாதான் போட்டுத் தந்தவள். எப்பவும் போடுறேல்ல. நான் முக்கியமாக் கதைக்கேக்க மட்டும் போட்டுத் தருவாள்."

"ரஜிதா தான் பாவிக்கேக்க?"

"அவளுக்கு ஒரு வயரே போதுமாம்."

ரஜிதா புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு தாளும் புரளவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. வேறு யாராவது அந்த இடத்தில் நின்றிருந்தால் பாவம், தெரியாமல் உதவப்போன பிள்ளை என்று நினைத்திருப்பார்கள். நசீருக்குக் கொழும்புப் பயிற்சி வந்த நாட்களில் நானும் ஓடி ஓடி அவருடைய பையை அடுக்கக் கைகொடுத்தவள்தான். அந்த முகம் எனக்குத் தெரியும்.

அந்த வயர் பழுது என்று தர்ஷினிக்குச் சொல்லிக் கழற்றி எடுத்தேன். கதைத்துப் பார்க்கச் சொன்னேன். மாமாவின் குரல் பக்கத்து அறையிலிருந்து கேட்பதுபோல வந்தது. அவள் முகம் மலர்ந்தது. நான் ரஜிதாவை வெளியே கூப்பிட்டு, பெட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன்.

"ரெண்டாவது வயர் போட்டா என்ன நடக்கும் எண்டு உமக்குத் தெரியும், என்ன?"

"கெதியா வரும் எண்டு நினைச்சுத்தான் மிஸ் முதல் போட்டனான்."

"அது முதல் நாள். பிறகு?"

அவள் விளக்குகளில் ஒட்டியிருந்த பொட்டுப் பசையைச் சுரண்டிக்கொண்டு நின்றாள்.

"ரெண்டு பேரும் ஒரே நாள்தான் விண்ணப்பம் போட்டனாங்கள். அவளின்ர இங்கிலிசை நான்தான் திருத்திக் குடுத்தனான். எனக்கு ஒரு பதிலும் வரேல்ல." பசை ஒட்டிய நகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "வோர்டன் மிஸ்ஸிட்டச் சொல்லப்போறீங்களோ?"

பஸ் வரக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. வோர்டனிடம் சொன்னால் பிள்ளையை அன்றைக்கே வெளியேற்றுவார்கள். வீதி மூடுகிற நேரத்தில் அவள் எங்கே போவாள்? அந்தக் கலவரத்தில் தர்ஷினி நேர்முகத்தில் வாய் திறக்க மாட்டாள். சொல்லாமல் போனால் ஐந்து மணிக்கு இவளும் அதே அறையில் இருப்பாள். இன்னொரு கரைச்சலும் இருந்தது. இரண்டு வாரம் பட்டினி கிடந்த விடுதிக்கு இப்போது இணையம் வந்துவிட்டது. ஐந்து மணிக்கு எல்லாரும் பாய்ந்து விழுவார்கள். எங்களுக்கு வந்தது ஒரு மெல்லிய இணைப்பு. குரல் துண்டு துண்டாக உடையும். நேர்முகம் முடியும்வரை மற்ற எல்லா அறைகளின் வயர்களையும் கழற்றிவிட்டு, யார் ஏசினாலும் அசையாமல் ஒருவர் அந்தப் பெட்டியைக் காக்க வேண்டும். வோர்டன் நல்லவர், யாராவது கண் கலங்கினால் திறப்பைக் கொடுத்துவிடுவார்.

அந்தப் பெட்டியை ஒரு கணமும் மறக்காமல் நிற்கக்கூடியவள் அந்த விடுதி முழுவதிலும் ஒருத்திதான். பொறாமைக்காரியின் கவனம் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நசீரின் திறப்பு இடுப்பின் எந்தப் பக்கம் தொங்குகிறது, அதில் எத்தனை கீறல் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்தத் திறப்பை ஒரு தரம், ஒரேயொரு தரம், யாராவது என் கையில் தந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன்? சேர்வர்களை உடைத்திருப்பேனா? தூசு தட்டியிருப்பேன்.

பெட்டியின் திறப்பை ரஜிதாவின் கையில் வைத்தேன்.

"ஐஞ்சு மணிக்கு முதல் எல்லா வயரையும் கழட்டும். உங்கட அறையின்ர முதல் வயர் மட்டும் இருக்கட்டும். அவள் கதைச்சு முடியும் வரைக்கும் ஒருத்தரையும் கிட்ட விடாதேயும்."

அவள் திறப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மிஸ், என்னட்டையோ?"

"ஓம்."

"நான் அந்த ஒரு வயரையும் கழட்டினா?"

"கழட்டினா நாளைக்கு நசீர் வந்து திரும்பப் போடுவார். எல்லாரும் அவரைத்தான் புகழுவினம். எனக்கு அது விருப்பமில்லை."

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. நான் போய் ஏறிவிட்டேன்.

கப்பல்துறை வரைக்குமான அந்தப் பயணத்தை நான் மறக்க மாட்டேன். முதல் சாவடியில் இறங்கி நடக்கும்போது, இப்போதே திரும்பி ஓடலாமா என்று இருந்தது. ஆட்டைக் காவலுக்கு விட்டுப் புல்லுக்கட்டை ஒப்படைத்த வேலை செய்திருக்கிறேன் என்று என்னை நானே ஏசினேன். தர்ஷினியின் நேர்முகம் கெட்டால், அன்டெனாதான் என்று நசீர் சொன்னதே உண்மையாகிவிடும். ஒரு பிள்ளையின் வாழ்க்கை ஒரு பக்கம், என் மானம் ஒரு பக்கம். எது கூடுதல் பாரமாக இருந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். வீட்டுக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தால் அது செத்திருந்தது. அந்த நாட்களில் அது புதினமில்லை.

காலையில் நான் அலுவலகத்துக்குப் போனபோது நடைபாதையில் திறப்பு கிலுங்கும் சத்தம். படகுப்பாதை ஓடத் தொடங்கியிருந்தது. நசீர் எனக்கு முன்னமே வந்துவிட்டார்.

"மிஸ், விடுதியில என்ன பிரச்சினை இரிந்தது?"

"வயர் சுத்தினது. அன்டெனா இல்லை."

"ஆரு அப்புடிப் போட்டது?"

"தெரியாது" என்றேன்.

அவர் நேரே தலைவரின் அறைக்குப் போனார். கதவு திறந்திருந்தது. "சேர், நான் சொன்னது பிழை. மிஸ்தான் சரியாக் கண்டு புடிச்சிரிக்காங்க" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னதால், நசீர் எவ்வளவு பெரிய மனசுக்காரர் என்று அன்று முழுக்க எல்லாரும் அவரைத்தான் புகழ்ந்தார்கள்.

அன்று காலையிலேயே ரஜிதா அலுவலகத்துக்கு வந்தாள். முகம் வீங்கியிருந்தது. திறப்பை என் மேசையில் வைத்தாள்.

"எல்லா அறைக்காரரும் ஏசினவை மிஸ். ஒருத்தி கையைப் பிடிச்சு இழுத்தவள். நான் பெட்டியில முதுகைச் சாய்ச்சுக்கொண்டு இருந்திட்டன்."

"தர்ஷினி?"

"கதைச்சாள். ஒரு இடத்திலயும் வெட்டுப்படேல்ல. கதவு திறந்துதான் கிடந்தது, கேட்டுக்கொண்டிருந்தனான்." அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது. "அவை கேட்ட கேள்வியளுக்கு நான் இன்னும் நல்லாச் சொல்லியிருப்பன் மிஸ்."

"ஓம்" என்றேன். "சொல்லியிருப்பீர்."

வேறு ஆறுதல் ஒன்றும் நான் சொல்லவில்லை. எனக்கு ஆறுதல் சொன்னவர்களை நான் ஒருநாளும் மன்னித்ததில்லை. திறப்பை எடுத்துத் திரும்ப அவள் பக்கம் தள்ளினேன். "இது உம்மட்டையே இருக்கட்டும். வோர்டனுக்கு நான் சொல்லுறன்."

தர்ஷினி இடம் கிடைத்து வெளிநாட்டுக்குப் போனாள். ரஜிதா வழியனுப்ப விடுதி வாசல்வரைக்கும்தான் போனாளாம். ஆனால் ரஜிதா விடுதியை விட்டுப் போகும்வரை அந்த விடுதியிலிருந்து எனக்கு ஒரு முறைப்பாடும் வரவில்லை. எந்த அறைக்கு எந்த நேரம் என்று அவளே பிரித்துக் கொடுத்தாள். விளக்குகளில் பொட்டு ஒட்ட ஒருவரையும் விடவில்லை.

உங்களிடம் நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பழுதைத் தேடும்போது வயரின் மறுமுனையில் இருக்கும் முகத்தையும் பாருங்கள். உங்களோடு வேலை செய்கிறவர்களில் ஒருத்தி எல்லாவற்றுக்கும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு இருப்பாள். அவளுக்குப் புத்தி சொல்லாதீர்கள். அவள் எதைப் பார்த்து வயிறு எரிகிறாளோ அதை ஒரு நாளைக்கு அவள் கையில் கொடுத்துப் பாருங்கள். எல்லாரும் ரஜிதா ஆக மாட்டார்கள். சிலர் அந்த ஒரு வயரையும் கழற்றுவார்கள். அதற்கும் ஆயத்தமாகத்தான் கொடுக்க வேண்டும்.

நசீர் சில வருடங்களுக்குப் பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போனார். கடைசி நாள் சேர்வர் அறைத் திறப்பை இடுப்பிலிருந்து கழற்றி என்னிடம் நீட்டினார். "இது உங்கட கையில இரிக்க வேண்டிய சாமான்தான் மிஸ். நான் எத்தனையோ தரம் சேரிட்டச் சொல்லிரிக்கன்."

அவர் சொல்லியிருப்பார். அப்படிப்பட்ட மனிதர்தான். சுவர் ஆணியில் மாட்டிவிட்டுப் போங்கள் என்றேன். அவர் மாட்டிவிட்டு, எல்லாரிடமும் விடைபெற்று, வாசலைத் தாண்டிப் போகும்வரை கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு எழும்பிப் போய் நானே எடுத்துக்கொண்டேன்.